இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? காந்த டேப்பும் கம்பி மத்தாப்பும் வச்சு ஒரு காப்புரிமைப் பாடம்

எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் ப்ராஜெக்ட் ரிவ்யூவுல ஒரு கேள்வி கண்டிப்பா வரும்: "இதுல என்ன புதுசு?" நாமளும் "சார், இதுவரைக்கும் இந்த ரெண்டையும் யாரும் சேர்த்துப் பண்ணல"ன்னு ஒரு பதிலை வச்சிருப்போம். ரிவ்யூவுக்கு அது போதும். காப்புரிமை அலுவலகத்துல அந்தப் பதில் பாதி தூரம்தான் போகும். "சரி, யாரும் பண்ணல. ஆனா இந்தத் துறைல இருக்கிற ஒரு சாதாரண ஆளுக்கு இது தானா தோணாதா?"ன்னு அடுத்த கேள்வி வரும். அங்கதான் பெரிய பெரிய கம்பெனிகளே விழுந்திருக்கு.

இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது கேள்வியைப் பத்தினது. நம்ம பாடத்திட்டத்துல ஐபிஆர்னு ஒரு பேப்பர் இருக்கு. அதுல இதுக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருப்பாங்க. அரைப் பக்கத்துல முடியிற விஷயம் இல்ல இது.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 2(1)(ஜேஏ)தான் அடிப்படை. ஒரு கண்டுபிடிப்புல இன்வென்டிவ் ஸ்டெப் இருக்கணும். அதாவது, ஏற்கனவே இருக்கிற அறிவை விட தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ, இல்ல ரெண்டுமோ இருக்கணும். கூடவே, அந்தத் துறைல தேர்ச்சி உள்ள ஒருத்தருக்கு அது வெளிப்படையானதா இருக்கக் கூடாது. புதுமை வேற, இது வேற. புதுமையைச் சோதிக்க ஒரே ஒரு பழைய ஆவணத்தை எடுத்து, உங்க கண்டுபிடிப்பு முழுசா அதுல இருக்கான்னு பார்ப்பாங்க. வெளிப்படைத்தன்மையைச் சோதிக்கும்போது ரெண்டு மூணு பழைய ஆவணங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, "இதையும் அதையும் சேர்த்தா இது வந்துடுமே, சேர்க்கணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்குமா?"ன்னு கேட்பாங்க.

நம்ம ஊர் உதாரணம் எடுத்துக்கலாம். சூலக்கரைல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல சிவகாசி. அங்க கம்பி மத்தாப்பு மருந்துல என்ன போடுவாங்கன்னு கேட்டா, பச்சை உப்பு, அலுமினியம் பவுடர், இரும்புத் தூள், பிடிப்புக்கு டெக்ஸ்ட்ரின் பசைன்னு சொல்லுவாங்க. பச்சை உப்புங்கிறது பேரியம் நைட்ரேட். இப்போ ஒருத்தர் பேரியத்தை எடுத்துட்டு ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் போட்டு, "சிவப்பு நிறம் தரும் மத்தாப்பு மருந்து"ன்னு விண்ணப்பம் போடுறார்னு வைங்க. அதே அளவுகளோட அந்தக் கலவை எந்தப் புத்தகத்திலயும் இல்லாம இருக்கலாம். அப்போ புதுமைச் சோதனையில தப்பிச்சுட்டார். ஆனா பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல சுடர்ச் சோதனை பண்ணின எல்லாருக்கும் பேரியம் ஆப்பிள் பச்சை, ஸ்ட்ரான்சியம் ரத்தச் சிவப்புன்னு தெரியும். ஒரு போர்மேனுக்குத் தெரியாதா? அவர் விழுந்தது ரெண்டாவது சோதனையில.

அதே விண்ணப்பத்தைக் கொஞ்சம் மாத்துவோம். 2018 அக்டோபர் 23ல உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்குல தீர்ப்பு சொன்ன பிறகு, பேரியம் உப்பு இல்லாம என்ன பண்றதுங்கிறது இந்தப் பக்கத்துல பல குடும்பங்களோட வயித்துப் பிரச்சினை ஆயிடுச்சு. மாத்து உப்புகள்ல சிலது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து மருந்தை நமுத்துப் போக வச்சிடும். எல்லாரும் தேடியும் கிடைக்காத இடத்துல, ஒருத்தர் எதிர்பாராத ஒரு சேர்மானத்தால நமுக்காத மருந்தைக் கொண்டு வந்தார்னா, "இது தானா தோணியிருக்கும்"னு சொல்றது கஷ்டம். தோணியிருந்தா ஏன் அத்தனை பேரும் திணறினாங்க? நெடுநாள் தேவை, மத்தவங்க தோல்வி, இது ரெண்டும் நீதிமன்றங்கள் உண்மையிலேயே எடைபோடுற சான்றுகள்.

தாள், தூள், பசை

இப்போ காந்தப் பதிவுக்கு வருவோம். பட்டாசுல இருந்து அங்க தாவுறது விசித்திரமா தெரியலாம். ஆனா பொருளைப் பார்த்தா ரெண்டும் ஒரே குடும்பம். தீப்பெட்டிப் பக்கவாட்டுல சிவப்பு பாஸ்பரஸைப் பசையில குழைச்சுத் தடவுறோம். கேசட் டேப்ல இரும்பு ஆக்சைடு தூளைப் பசையில குழைச்சு பிளாஸ்டிக் நாடாவுல தடவினாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். (காந்தவியல் பேராசிரியர்கள் மன்னிக்கணும்.)

1928ல ஜெர்மனியில ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர்னு ஒரு பொறியாளர் காகித நாடாவுல காந்தத் தூளைப் பூசி ஒலி பதியிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் அதுக்கு முன்னாடி வேலை பார்த்தது சிகரெட் காகிதத்துல தங்க நிறப் பட்டை பூசுற வேலை. அந்தப் பூச்சு அனுபவத்தைத்தான் இங்க கொண்டு வந்தார். ஏஇஜி கம்பெனி அவர்கிட்ட உரிமை வாங்கி, பிஏஎஸ்எஃப் டேப் செஞ்சு கொடுக்க, 1935ல பெர்லின் கண்காட்சியில மேக்னெட்டோஃபோன்ங்கிற கருவி வெளியே வந்தது. அடுத்த வருஷமே, 1936ல, ஜெர்மன் நீதிமன்றம் ஃப்ளாய்மரோட காப்புரிமைக்கு அடித்தளமே இல்லன்னு சொல்லிடுச்சு. காரணம், டென்மார்க்காரர் வால்டெமர் பவுல்சன் 1898ல எஃகுக் கம்பியில ஒலி பதிஞ்சு காட்டினப்பவே, தன்னோட காப்புரிமையில, கம்பிக்குப் பதிலா காகிதம் மாதிரி ஒரு தாள்ல காந்தமாகக் கூடிய உலோகத் தூளைப் பூசியும் பண்ணலாம்னு போற போக்குல எழுதி வச்சிருந்தார்.

பவுல்சன் அப்படி ஒரு நாடாவை வெற்றிகரமா சந்தைக்குக் கொண்டு வரல. எழுதினார், அவ்வளவுதான். முப்பது வருஷம் கழிச்சு வேலை செய்யிற மாதிரி செஞ்சு காட்டினவர் ஃப்ளாய்மர். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கல. ஆனா தர்க்கத்தை மறுக்க முடியல: காப்புரிமை உழைப்புக்குக் கொடுக்கிற சம்பளம் இல்ல, பொதுமக்கள்கிட்ட ஏற்கனவே இல்லாத ஒண்ணைக் கொடுத்ததுக்கான விலை. அந்த யோசனை 1898ல இருந்தே பொதுமக்கள்கிட்ட இருந்தது. ஃப்ளாய்மர் தன்னோட பூச்சு முறையை, பசையை, தூளோட பருமனை மட்டும் குறுக்கிக் கேட்டிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம்னு நான் நினைக்கிறேன்.

அதுக்கப்புறம் காந்த டேப்போட வரலாறே பொருள் மாத்துற வரலாறுதான். காமா ஃபெரிக் ஆக்சைடு வந்தது. அப்புறம் குரோமியம் டை ஆக்சைடு. அப்புறம் கோபால்ட். இந்தக் கோபால்ட் கதை நம்ம பாடத்துக்கு ரொம்பப் பொருத்தமானது. இரும்பு ஆக்சைடுல கோபால்ட் சேர்த்தா கோயர்சிவிட்டி ஏறும், அதாவது பதிஞ்சது சுலபமா அழியாது. இது துறைல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். ஆனா தூளுக்குள்ள முழுசா கோபால்ட் கலந்தா, வெப்பநிலை மாறும்போதும் நாடா அழுத்தப்படும்போதும் அந்தக் காந்தத்தன்மை ஆடிப்போகும். துகளோட மேற்பரப்புல மட்டும் கோபால்ட்டைப் படிய வச்சா அந்த ஆட்டம் அடங்கிடுச்சு. "கோபால்ட் சேர்ப்பது"ன்னு மட்டும் ஒருத்தர் உரிமை கேட்டா, எதிர்பார்த்த பலன்தானேன்னு தள்ளிடலாம். "மேற்பரப்புல மட்டும், அதனால வெப்பத்தில் நிலையா இருக்கும்"னு கேட்டா, வாதம் செய்ய ஒரு இடம் கிடைக்குது. ஒரே தனிமம்தான், வித்தியாசம் உரிமை கேட்கிற வாக்கியத்துல இருக்கு.

இன்னிக்கு டேட்டா சென்டர்கள்ல ஓடுற எல்டிஓ டேப்புகள்ல இருக்கிறது பேரியம் ஃபெரைட். ஆமா, நம்ம பச்சை உப்புல இருக்கிற அதே பேரியம். இதைக் காந்தமா 1950களோட தொடக்கத்திலயே பிலிப்ஸ் ஆய்வகம் அறிமுகப்படுத்திடுச்சு. டேப்பும் பழசு, பேரியம் ஃபெரைட்டும் பழசு. அப்போ ரெண்டையும் சேர்த்தது வெளிப்படையா? "சேர்த்தது" வெளிப்படையா இருக்கலாம். ஆனா நானோமீட்டர் அளவுத் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம பசையில பரவ வைக்கிறதும், பூச்சு மேற்பரப்பை வழவழப்பா கொண்டு வர்றதும் வேற பிரச்சினை. அதனாலதான் இந்தத் துறையில காப்புரிமைகள் துகள் அளவு, அடுக்குத் தடிமன், மேற்பரப்புச் சொரசொரப்புன்னு எண்களாவே இருக்கு. இப்படிப்பட்ட டேப் காப்புரிமைகளை வச்சு ஃபியூஜிஃபிலிமும் சோனியும் 2016ல இருந்து அமெரிக்காவுல மோதிக்கிட்டதுல, 2019ல எட்டாம் தலைமுறை எல்டிஓ டேப் சந்தையில கிடைக்கிறதே கஷ்டமாச்சு. அந்த வருஷமே சமாதானம் ஆனாங்க.

எண்களை மாத்தினா போதுமா?

மெட்டீரியல்ஸ் படிக்கிறவங்க கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு பழைய ஆவணம் "10 முதல் 20 சதவீதம்"னு சொல்லுது. நீங்க "15 சதவீதம்"னு கேட்கிறீங்க. புதுசா?

அமெரிக்காவுல 1985ல டைட்டானியம் மெட்டல்ஸ் வழக்கு இதைத் தெளிவா காட்டுது. டைட்டானியத்தோட கொஞ்சம் நிக்கலும் மாலிப்டினமும் சேர்த்த உலோகக் கலவை. அரிப்பைத் தாங்குறதுல அருமையா இருந்ததுன்னு கண்டுபிடிச்சு விண்ணப்பிச்சாங்க. எதிரா வந்தது 1970ல வெளியான ஒரு ரஷ்யக் கட்டுரை. அதுல அரிப்பைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆனா ஒரு வரைபடத்துல 0.75 சதவீத நிக்கல், 0.25 சதவீத மாலிப்டினம்னு ஒரு புள்ளி இருந்தது. அந்த ஒரு புள்ளி, அகலமான வரம்பு கேட்ட உரிமைக்கோரல்களுக்குள்ள வந்து விழுந்தது. அவை போச்சு, புதுமையே இல்ல. மிச்சம் இருந்த ஒரு கோரல் துல்லியமா 0.8 நிக்கல், 0.3 மாலிப்டினம். அந்தப் புள்ளி கட்டுரையில இல்ல. ஆனா அந்தக் கோரலுக்கு ரெண்டு பக்கமும் இருந்த கலவைகள் கட்டுரையில இருந்ததால, இவ்வளவு பக்கத்துல இருக்கிறது ஒரே மாதிரிதான் நடந்துக்கும்னு யாரும் எதிர்பார்ப்பாங்கன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. பழைய பொருள்ல புதுக் குணத்தைப் பார்த்தாலும் பொருள் பழசுதான்.

இதுல இருந்து தப்பிக்க வழி உண்டு. நீங்க கேட்கிற வரம்புக்குள்ள மட்டும் ஏதாவது எதிர்பாராதது நடக்குதுன்னு அளந்து காட்டணும். 14லயும் 16லயும் நடக்காம 15ல குதிக்குதுன்னா, அந்தக் கிராஃப்தான் உங்க வக்கீல். ஆப்டிமைசேஷன் ப்ராஜெக்ட் பண்றவங்க, டகுச்சி அட்டவணை போட்டு வந்த சிறந்த புள்ளியை அப்படியே காப்புரிமைக்கு அனுப்பாதீங்க. வழக்கமான சோதனையில கிடைக்கிற சிறந்த அளவு பெரும்பாலும் வெளிப்படையானதுதான்.

மிர்சாபூர் பாத்திரமும் சென்னை மருந்தும்

இந்தியாவுல இந்த விஷயத்துக்கு மூத்த தீர்ப்பு 1978ல வந்தது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ். முதல் வருஷ ஒர்க்ஷாப் லேப்ல லேத் ஓட்டின யாரும் இதைப் புரிஞ்சுக்கலாம். உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ல பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரம் செய்யிறவங்க. லேத்ல பாத்திரத்தைக் கடைஞ்சு மெருகேத்தும்போது அது ஹெட்ஸ்டாக்ல இருந்து கழண்டு பறந்து வேலையாட்களைக் காயப்படுத்தும் ஆபத்து இருந்தது. இதுக்குத் தீர்வா, பாத்திரத்தை அழுத்தத்துல ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிற ஒரு அமைப்புக்கு 1951லிருந்து காப்புரிமை. பக்கத்துக் கம்பெனி அதையே செய்ய, வழக்கு. அலகாபாத் உயர் நீதிமன்றத்துல தனி நீதிபதி காப்புரிமையை ரத்து பண்ணினார், டிவிஷன் பெஞ்ச் திருப்பிக் கொடுத்தது, உச்ச நீதிமன்றம் மறுபடி ரத்து பண்ணுச்சு. டெயில்ஸ்டாக் வச்சு ஒரு பொருளை அழுத்திப் பிடிக்கிறது லேத் அளவுக்கே பழசு. அதைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தினது நல்ல பட்டறைத் திருத்தம்தான், ஆனா கண்டுபிடிப்பு இல்ல. தீர்ப்பு வரும்போது காப்புரிமையோட 16 வருஷக் காலமே முடிஞ்சு போயிருந்தது. நம்ம நாட்டு வழக்கு வேகம்.

அந்தத் தீர்ப்பு கொடுத்த அளவுகோல் இன்னிக்கும் நிக்குது. வெறும் கைவேலைக்காரர் இல்ல, பெரிய மேதையும் இல்ல, துறைப் பொது அறிவு உள்ள ஒரு தகுதியான பொறியாளர். அவர்கிட்ட பழைய ஆவணங்களையும் பிரச்சினையையும் மட்டும் கொடுங்க, விடையைக் கொடுக்காதீங்க. அவர் "எனக்கு வேண்டியது இதுலயே இருக்கே"ன்னு சொல்வாரா? விடையைக் கொடுக்கக் கூடாதுங்கிறதுதான் முக்கியம். விடுகதைக்கு விடை தெரிஞ்ச பிறகு "இது தெரியாதா"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. 2015ல ரோஷ் எதிர் சிப்லா வழக்குல டெல்லி உயர் நீதிமன்றம் இதையே ஐந்து படியா பிரிச்சுக் கொடுத்தது. கடைசிப் படியில பின்னோக்குப் பார்வை கூடாதுன்னு தனியா எச்சரிக்குது.

பொருள் சம்பந்தமா நம்ம மாநிலத்துல நடந்த பெரிய வழக்கு நோவார்டிஸ். ரத்தப் புற்றுநோய் மருந்து இமாடினிப். அதோட மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998ல சென்னைக் காப்புரிமை அலுவலகத்துல விண்ணப்பம் போட்டாங்க. மூல மூலக்கூறு 1990களிலேயே வெளியே தெரிஞ்சது. பீட்டா வடிவம் நல்லா வழியும், ஈரம் கம்மியா இழுக்கும், நிலையா இருக்கும்னு வாதம். 2006ல அலுவலகம் மறுத்தது. 2007ல சென்னை உயர் நீதிமன்றம் பிரிவு 3(டி)யை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி பண்ணுச்சு. 2009ல மேல்முறையீட்டு வாரியம் ஒரு சுவாரசியமான முடிவு எடுத்தது: புதுமை இருக்கு, இன்வென்டிவ் ஸ்டெப்பும் இருக்கு, ஆனா 3(டி)ல விழுது. 2013 ஏப்ரல் 1ல உச்ச நீதிமன்றமும் நோவார்டிஸ் கேட்டதைக் கொடுக்கல. மாசம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல போன மருந்து, இந்தியக் கம்பெனிகள் தயாரிச்சா பத்தாயிரத்துக்குள்ள கிடைச்சது. வாதங்கள் படிகத்தைப் பத்தி இருந்தாலும், தீர்ப்புக்காகக் காத்திருந்தவங்க நோயாளிகள்.

3(டி) என்ன சொல்லுது? தெரிஞ்ச ஒரு பொருளோட புது வடிவம், அதோட செயல்திறனைக் கூட்டலைன்னா கண்டுபிடிப்பே ஆகாது. விளக்கக் குறிப்புல உப்பு, படிக வடிவம்னு வரிசையா வருது. அதுல துகள் அளவும் ஒண்ணு. மருந்துக்கான பிரிவுன்னு எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க, ஆனா வார்த்தை "பொருள்"தான். அப்போ இந்தியாவுல ஒருத்தர் இரும்பு ஆக்சைடு துகளைச் சின்னதாக்கி, "டேப்புக்கு"ன்னு அந்தப் பொருளுக்கே உரிமை கேட்டா, இந்தப் பிரிவைத் தாண்டணும். மருந்துக்குச் செயல்திறன்னா குணப்படுத்தும் திறன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எந்தப் பொருளும் எந்த வேலைக்கோ, அந்த வேலைதான் அளவுகோல்ங்கிறது அதோட பின்னணித் தர்க்கம். அப்படிப் பார்த்தா காந்தத் தூளுக்குக் கோயர்சிவிட்டியும் இரைச்சல் குறைவும்தான் செயல்திறன்னு நான் வாதாடுவேன். சும்மா நல்லா வழியுது, மூட்டையில கட்டியாகலைன்னு சொன்னா போதாது.

பக்கத்துலயே 3(இ) இருக்கு. வெறுமனே கலந்து, ஒவ்வொரு பொருளோட குணமும் கூட்டிக் கிடைக்கிற கலவை கண்டுபிடிப்பு இல்ல. பட்டாசு மருந்து, பூச்சு, சிமென்ட், எல்லா கலவை ப்ராஜெக்ட்டும் இந்த வாசலைத் தாண்டணும். ரெண்டும் சேர்ந்ததால தனித்தனியா இல்லாத ஒண்ணு வந்ததுன்னு டேட்டா வேணும்.

(டிவிஎஸ், பஜாஜ் இரட்டை ஸ்பார்க் ப்ளக் சண்டையும் சென்னை உயர் நீதிமன்றத்துல நடந்ததுதான். மெக்கானிக்கல் பசங்க கேட்டா தனியா எழுதலாம்.)

நமக்கு என்ன?

ரெண்டு பக்கமும் வேலை இருக்கு. உங்க ப்ராஜெக்ட்ல உண்மையாவே ஏதாவது இருந்தா, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி யூட்யூப்ல போடாதீங்க, சிம்போசியத்துல போஸ்டர் வைக்காதீங்க. உங்க போஸ்டரே உங்களுக்கு எதிரான பிரையர் ஆர்ட் ஆயிடும். பிரிவு 31ல 12 மாச விலக்கு உண்டு. ஆனா அது அரசிதழ்ல அறிவிச்ச கண்காட்சிகள், அறிஞர் சங்கங்கள்ல வாசிக்கிற கட்டுரைகள் மாதிரி சிலதுக்குத்தான். நம்ம காலேஜ் ஃபெஸ்ட் அதுல சேரும்னு நம்பாதீங்க. தனிநபருக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். முதல்ல தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்துட்டு, 12 மாசத்துக்குள்ள முழுசா கொடுக்கலாம்.

இன்னொரு பக்கம் இன்னும் முக்கியம். சிவகாசியில ஒவ்வொரு பட்டறையிலயும் தலைமுறையா வர்ற கலவை அளவுகள் இருக்கு. பெரும்பாலும் எந்த ஜர்னல்லயும் அச்சாகாதவை. பரிசோதகர் டேட்டாபேஸ்ல தேடினா கிடைக்காது. நாளைக்கு வெளியிலிருந்து ஒருத்தர் அதுல ஒண்ணுக்கு உரிமை வாங்கிட்டு வந்து "எங்க அனுமதி இல்லாம செய்யக்கூடாது"ன்னா? அப்போ "இது எங்களுக்கு வெளிப்படையானது"ன்னு வாயால சொன்னா செல்லாது, ஆதாரம் கேட்பாங்க. மஞ்சளுக்கு அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை சிஎஸ்ஐஆர் 1997ல உடைச்சது பழைய எழுத்து ஆதாரங்களை மேஜையில வச்சுத்தான்.

நம்ம சட்டத்துல கதவு அகலமா திறந்திருக்கு. பிரிவு 25(1) படி, விண்ணப்பம் வெளியான பிறகு காப்புரிமை கொடுக்கிறதுக்கு முன்னாடி யார் வேணா எதிர்க்கலாம். வக்கீலா இருக்கணும்னு இல்ல, அந்தத் தொழில்ல இருக்கணும்னுகூட இல்ல. இந்தியாவுல ஏற்கனவே பொதுவில் பயன்பாட்டுல இருந்தது, வெளிப்படையானது, ஒரு உள்ளூர்ச் சமூகத்துல வாய்மொழியா இருந்த அறிவு, மூணுமே தனித்தனிக் காரணங்கள். கொடுத்த பிறகுன்னா, 25(2) படி அறிவிப்பு வெளியானதிலிருந்து ஒரு வருஷம், அதுவும் தொடர்புடையவங்க மட்டும்தான். தேதி போட்ட கலவை நோட்டு, பழைய பில், லேபிள் அச்சடிச்ச சாம்பிள், எல்லாமே சான்று.

காப்புரிமை அலுவலக இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்துல இலவசமா வெளியாகுது. பட்டாசுத் தொழில்ல இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க நம்ம வகுப்புகள்ல நிறைய பேர் இருக்கீங்க. அதுல "பைரோடெக்னிக்", "ஸ்பார்க்ளர்"னு தேடி, வர்ற உரிமைக்கோரல்களை வீட்டுல தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. "இதைத்தான் உங்க தாத்தா காலத்துல இருந்து போட்டுட்டு இருக்கோம்"னு யாராவது சொன்னாங்கன்னா, அந்த விண்ணப்ப எண்ணைக் குறிச்சுக்கோங்க.